பென்சிலில் எழுதிய ஊர்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டில் ஒரு தோசை கருகிப்போனது. அதற்கு நான் பொறுப்பில்லை. எங்கள் குடியிருப்பின் வாட்ஸாப் குழுதான் பொறுப்பு. திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் பதினோராவது மாடியில் இருக்கிறோம். அந்தக் குழுவில் வழக்கமாகத் தண்ணீர் லாரி, லிப்ட் ரிப்பேர், என் பார்க்கிங்கில் எவன் வண்டியை விட்டான் என்கிற சண்டை, இவ்வளவுதான் ஓடும். அன்றைக்கு யாரோ ஒரு புண்ணியவான் 'நம் நாட்டை அறிவோம்' என்று மலையாளத்தில் நீளமாக எதையோ அனுப்பியிருந்தார். வித்துராவுக்கு மேலே மலையில் ஆய்ப்பழந்தானம் என்று ஓர் இடமாம். முற்காலத்தில் ஆய் குலத்து அரசர்கள் கோடையில் வந்து தங்கிய பழைய தானமாம், அதாவது ஸ்தானமாம். அந்த அழகான பெயரைப் பாமரர்கள் காலப்போக்கில் சிதைத்துவிட்டார்களாம். கீழே நாற்பது பேர் கைகூப்பியிருந்தார்கள்.

எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு வந்தது. ஏன் என்கிறீர்களா? 'பாமரர்கள் சிதைத்துவிட்டார்கள்' என்கிற அந்த வாக்கியத்தை முதன்முதலில் டைப் அடித்தவள் நான். தமிழில் அடித்தேன். அது மலையாளத்துக்குப் போய், எத்தனையோ போன்களில் ஏறி இறங்கி, கடைசியில் என் வீட்டு அடுப்படிக்கே வந்து நிற்கிறது. பெற்ற பிள்ளையை அடையாளம் தெரிவதுபோலத் தெரிந்தது, சனியன்.

புகை நாற்றத்துக்கு மகள் ஓடிவந்து அடுப்பை அணைத்தாள். "எந்தா அம்மா பற்றியது?" என்றாள், என்ன ஆச்சு என்று. அவளுக்குப் பள்ளிக்கூடம், சிநேகிதிகள், சண்டை எல்லாம் மலையாளம்; நான் திட்டும்போது மட்டும் தமிழ் புரியும். "ஒண்ணுமில்ல, போய்ப் படி" என்று விரட்டினேன். அவள் மேசையில் ஒரு அழிரப்பர் கிடந்தது. எடுத்து மோந்து பார்த்தேன். இந்தக் காலத்து ரப்பரில் ஸ்ட்ராபெர்ரி மணக்கிறது. நான் வேலைக்குப் போன காலத்தில் ரப்பருக்கு சைக்கிள் டியூப் வாசனைதான். ஒரு பாதி சிவப்பு, மறுபாதி நீலம். அந்த வாசனை எனக்கு வந்தால் போதும், நேராகக் கரமனையில் ஒரு மாடி அறைக்குப் போய்ச் சேர்ந்துவிடுவேன்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. நாகர்கோவில் பக்கத்திலிருந்து, வரலாற்றில் ஒரு பட்டத்தையும் தமிழ் டைப்பிங் சர்டிபிகேட்டையும் கையில் பிடித்துக்கொண்டு திருவனந்தபுரத்துக்கு வந்திருந்தேன். தம்பானூரில் ஒரு லேடீஸ் ஹாஸ்டல். காலையில் புட்டு, ராத்திரியும் சில நாள் அதே புட்டு. எங்கள் ஊர்க்காரர் ஒருவர் கரமனையில் ஊர்ப்பெயர் ஆராய்ச்சி செய்கிறார், கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்க ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். தாணுமாலயன் சார். ரிட்டயர்டு என்ஜினியர். சர்வீஸ் முழுக்க ஆற்றுக்குக் குறுக்கே பாலம் கட்டிய மனுஷர். தூண் இல்லாமல் பாலம் நிற்காது என்று தெரிந்தவருக்கு, சொல்லுக்கும் அப்படி ஏதாவது வேண்டும் என்று மட்டும் ஏனோ தோன்றவில்லை.

ஆனால் முதல் மூன்று மாதம் எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? சிரித்த முகம். "மக்களே, சாப்டாச்சா?" என்று எங்கள் ஊர் வழக்கப்படி செல்லமாகக் கேட்காமல் வேலை தரமாட்டார். நாலு மணிக்கு சார் வீட்டு மாமி பழம்பொரி, அதான் வாழைப்பழ பஜ்ஜி, அனுப்புவார். அதைக் கடித்துக்கொண்டே சார் ஊர்களைப் பிரித்து மேய்வதைக் கேட்க ஜாலியாக இருக்கும். வித்துரா என்றால் விதுரர் வந்து தங்கிய ஊர் என்று சொல்கிறவர்களை, "விவரங்கெட்டவனுக" என்று திட்டுவார். சரி, இவர் அறிவாக ஏதோ சொல்லப்போகிறார் என்று பார்த்தால், "வித்து உறையும் இடம். ஆய் அரசர்களோட விதைக் களஞ்சியம்" என்பார். கழக்கூட்டம் தமிழ்க் கழகம் கூடிய இடம். விழிஞ்ஞம்? "விழி, ஞாயிறு. சூரியன் கண் விழிக்கிற கரை."

நான் வாய் சும்மா இல்லாமல் கேட்டுவிட்டேன். "சார், விழிஞ்ஞத்தில சூரியன் கடல்ல மறையத்தானே செய்யும்?"

சார் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. "அந்தக் காலத்துல கடல் கிழக்க இருந்திருக்கும்."

ஹாஸ்டலில் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். நானும் சும்மா இல்லை. புட்டுக்கு, புழுக்கத்துக்கு, எங்கள் வார்டனுக்கு எல்லாம் ஆய் அரசர்கள் வழியாக வேர் கண்டுபிடித்துக் கொடுத்து, அறைத்தோழிகளிடம் நல்ல பெயர் வாங்கினேன். யாருக்கும் நஷ்டமில்லாத விளையாட்டு என்றுதான் நினைத்தேன். எவ்வளவு பெரிய மடச்சி பாருங்கள்.

சாருக்கு ஒரு வேலைமுறை இருந்தது. பெயருக்கு ஒரு கார்டு. செருப்புப் பெட்டி நிறைய கார்டுகள், மேலே பாச்சா உருண்டை. ஓர் ஊருக்குப் போனால் அங்கே இருப்பவர்கள் சொல்வதை நான் கார்டில் பென்சிலால் எழுத வேண்டும். திரும்பி வந்து சார் யோசித்துக் கண்டுபிடித்த வேரை மையால் எழுதுவார். மை காய்ந்ததும் நான் பென்சில் எழுத்தை ரப்பரால் அழித்துவிட்டு கார்டைப் பெட்டியில் சேர்க்க வேண்டும். "பென்சில் கேள்வி, மை பதில். பதில் கிடைச்சப்புறம் கேள்வி எதுக்கு மக்களே, இடத்தை அடைச்சுக்கிட்டு?" என்பார். எனக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. சுத்தமான கார்டு பார்க்க அழகாகத்தான் இருந்தது. சார் என்னை "கை சுத்தம்" என்று மெச்சுவார், நானும் பூரித்துப்போவேன்.

அந்த வருஷம் ஓர் அரசு அலுவலகம், மலையிலுள்ள குடியிருப்புகளின் பழம்பெயர்களைத் தொகுத்துத் தரும்படி சாரிடம் கேட்டது. புத்தகம் போடுவார்களாம், பெயர்ப்பலகை வைப்பார்களாம். சார் ஒரு புதுச் சட்டை தைத்துக்கொண்டார். வித்துரா சந்தையில் டீ குடித்து, அங்கிருந்து ஜீப்பில் போணக்காடு போகிற ரோட்டில் ஏறி, பாதியில் இறங்கி நடந்தோம். அட்டை கடித்து என் கணுக்கால் எல்லாம் ரத்தம். காணிக்காரர்கள் என்கிற மலைவாழ் மக்களின் ஒரு குடியிருப்பு, பதினைந்து இருபது வீடுகள். பெயர் அப்பிவிழுந்தான். அப்பி என்பது இந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளையைச் செல்லமாகக் கூப்பிடுகிற சொல்.

ஊர்த் தலைவரை மூட்டுக்காணி என்பார்கள். அவரிடம் சார் பெயர்க்காரணம் கேட்டதும், "அது அவங்க வீட்டுக் காரியம், அவங்ககிட்ட கேக்கணும்" என்று ஒரு பெண்ணைக் காட்டினார். பார்கவி. ஐம்பதை ஒட்டிய வயது. மிளகு உலர்த்திக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். வீட்டு வாசலில் அவளுடைய அம்மா ஒரு கட்டையில் உட்கார்ந்திருந்தாள்.

"அது பழைய பேரொண்ணும் இல்ல சாறே" என்றாள் பார்கவி. "என் அண்ணன் விழுந்ததாக்கும். நான் அன்னைக்கு அம்மை வயித்துல."

மேலே ஒரு பாறையைக் காட்டினாள். அந்தக் காலத்தில் குடிசைகள் எல்லாம் பாறைக்குப் பக்கத்தில்தான் இருந்தனவாம். அம்மா மூங்கில் வெட்டப் போயிருந்த நேரம். பிள்ளை விளையாடிக்கொண்டே விளிம்புக்குப் போய்விட்டான். கீழே மரத்துக்கும் மரத்துக்கும் நடுவில் இரண்டு நாள் தேடினார்கள். அதற்குப் பிறகு எல்லோரும் குடிசைகளைப் பிரித்துக்கொண்டு கீழே ஓடைக்கரைக்கு வந்துவிட்டார்கள். பிள்ளைக்கு ஒரு போட்டோ கிடையாது. அவன் போட்டிருந்த துணிகூடக் கிடையாது. பெயர் மட்டும் ஊருக்கு வந்தது. "அதுக்குப் பின்னெ ஒரு பிள்ளையும் அங்க விழல்ல சாறே. போகாதேன்னு சொல்லண்டாம். இந்தப் பேரைச் சொன்னாப் போதும், பிள்ளைக நின்னுரும்."

அவள் சொன்னது எல்லாவற்றையும் எழுதினேன். இரண்டு பக்கமும் நிறைந்துவிட்டது. கிளம்பும்போது அவள் என் கையைப் பிடித்து, "ஒண்ணு வாசிச்சுக் காட்டு பிள்ளே" என்றாள். வாசித்தேன். நடுவில் ஓரிடத்தில் நிறுத்தி, "அதை அம்மைக்குக் கேக்கும்படி வாசி" என்றாள். உரக்க வாசித்தேன். கிழவி எழுந்து வந்து, கார்டில் என் எழுத்தின்மேல் விரலை வைத்து மெதுவாக ஓட்டிப் பார்த்தாள். படிக்கத் தெரியாது அவளுக்கு. "இது சர்க்கார் புக்கில் வருமா?" என்று பார்கவி கேட்டாள். "கண்டிப்பா வரும் அக்கா" என்றேன். வாக்குக் கொடுத்தது நான். சார்கூட இல்லை.

ஜீப்பில் சார் அப்பிவிழுந்தான், அப்பிவிழுந்தான் என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். தொளிக்கோடு தாண்டியதும் திடீரென்று தொடையில் அறைந்தார். "ஆய்ப்பழந்தானம்! மக்களே, நாம ஒரு ராஜதானியைக் கண்டுபிடிச்சிருக்கோம்."

"சார், அது அவங்க அண்ணன் விழுந்த இடமில்லையா?"

"அதெல்லாம் பேருக்குப் பின்னால வந்த கதை. பேரோட அர்த்தம் மறந்துபோச்சுன்னா ஜனங்க ஒரு செத்த பிள்ளையக் கொண்டுவந்து வைப்பாங்க. எல்லா ஊர்லயும் இதான்."

"அந்த அம்மா அங்கதானே சார் உக்காந்திருந்தாங்க?"

"ஞாபகம், ஓர்மை, அது ஏமாத்தும். சொல் ஏமாத்தாது" என்றார். அவ்வளவுதான். இரக்கமில்லாத மனிதர் என்று சொல்லமாட்டேன். தெருநாய்க்குச் சோறு வைப்பவர். ஆனால் ஆயிரம் வருஷத்துக்கு முந்திய ஒரு ராஜாவுக்காகக் கண்முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு தாயைப் பொய்க்காரியாக்க அவருக்கு முக்கால் மணி நேரம் போதுமானதாக இருந்தது. இன்றைக்கும் இதை நினைத்தால் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் வருகிறது. காணிக்காரர்கள் என்றால் ராஜாவுக்குக் காவல் இருந்த கூட்டம் என்று அவர்களுக்கும் மையால் ஒரு கார்டு போட்டுவிட்டார். அந்த மக்களிடம் நீங்கள் யார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் அந்தக் கார்டு என் மேசைக்கு வந்தது. மையில் மூன்று வரி. காய்ந்திருந்தது. நான் ரப்பரை எடுத்தேன். அன்றைக்கு ஏதாவது தயங்கினேன், கை நடுங்கியது என்று சொன்னால் உங்களுக்கு என்மேல் கொஞ்சம் மரியாதை வரும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. வேலையோடு வேலையாக இரண்டு பக்கமும் தேய்த்தேன், தூளை வாயால் ஊதினேன், பழம்பொரி வந்தது, சாப்பிட்டேன்.

புத்தகம் வந்தது. விழா, பொன்னாடை, மைக், "தமிழுக்கும் மலையாளத்துக்கும் தாய்வீட்டைக் காட்டியவர்" என்று ஒருவர் புகழ்ந்தார். தாய்வீடாம். மண்ணாங்கட்டி. முன்னுரையில் என் பெயரும் இருந்தது. அதை வெட்டி ஊருக்கு அனுப்பினேன். கொஞ்ச நாளில் குடியிருப்புக்குப் போகிற பாதையில் பச்சைப் பலகை நட்டுவிட்டார்கள். மூன்று மொழியில் ஆய்ப்பழந்தானம்.

அதற்கு அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள் காலை பத்தரை மணிக்குப் பார்கவி கரமனைக்கு வந்தாள். முதல் பஸ் பிடித்து, விசாரித்து விசாரித்து, நனைந்து வந்திருந்தாள். கையில் ஒரு பாட்டில் தேன். "பிள்ளைக்குன்னு கொண்டுவந்தேன்" என்று என்னிடம் நீட்டினாள். பிறகு சாரைப் பார்த்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல், நின்றுகொண்டே சொன்னாள்.

"போர்டுல வேற ஏதோ பேரு இருக்கு சாறே. ஆளுக வந்தா எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. அம்மை சோறு தின்னல்ல. அவனக் கொண்டுபோயிட்டாங்களா, அவனக் கொண்டுபோயிட்டாங்களான்னு ஒரே கேள்வி. மாத்தித் தரணும்."

சார் பொறுமையாகத்தான் விளக்கினார். பெருமைப்பட வேண்டிய விஷயம் என்றார். அரசர்கள் என்றார். அவள் கேட்டு முடித்துவிட்டு, "ராஜாவை நாங்க கண்டதில்ல சாறே. நான் சொன்னதை இந்தப் பிள்ளை எழுதிச்சு. வாசிச்சும் காட்டிச்சு. அந்தக் கார்டை எடுங்க" என்றாள்.

நான் எடுத்தேன். மூன்று வரி மை. அவள் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். ஜன்னலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள். நான் அழுத்தி எழுதுகிறவள். பென்சில் பள்ளங்கள் தெரிந்தன. "இதா, இங்கதான் இருந்தது" என்றாள். "எழுதினதல்லே பிள்ளே? நான் பாத்து நின்னேனே."

சார் என்னைப் பார்த்தார். "மக்களே, அங்க அப்படி ஏதாவது எழுதியிருந்ததா?"

ஒரே ஒரு ஆமாம். அதைச் சொல்லியிருந்தால் சார் திருத்தக் கடிதம் எழுதியிருப்பாரா என்றால், சத்தியமாகத் தெரியாது. என்னை வேலையைவிட்டு அனுப்பியிருக்கலாம். அனுப்பட்டுமே! ஹாஸ்டல் புட்டைவிட மோசமாக என்ன வந்துவிடப்போகிறது? ஆனால் எனக்குச் சாருடைய முகத்துக்கு நேரே பேச நாக்கு எழவில்லை. "ஓர்மையில்ல சார்" என்றேன்.

பார்கவி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரி பிள்ளே" என்று கார்டை மேசையில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனாள். தேனைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. அதைச் சார் வீட்டில் சப்பாத்திக்குத் தொட்டுக்கொண்டார்கள். எனக்கும் ஒரு கிண்ணத்தில் தந்தார்கள். தின்றேன். கேட்டீர்களா, தின்றேன். அதற்குப் பிறகும் எட்டு மாதம் அங்கேயே வேலை பார்த்தேன். அப்புறம்தான் கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில் டாக்குமென்டேஷன் வேலை கிடைத்து வந்தேன். சார் இப்போது இல்லை. மரியாதையாக எரித்தாயிற்று. அவருடைய பொய்கள்தான் பொட்டும் பூவும் வைத்துக்கொண்டு வாட்ஸாப்பில் உலாத்துகின்றன. ஊர்ப் பெயரை மாற்றுகிறவர்கள், ஜாதிக்கு ராஜா கண்டுபிடிக்கிறவர்கள், ஆதிகுடி நாங்கள்தான் என்று ஒரு எழுத்தை உருவி மீதியை நிரூபிக்கிறவர்கள், யாரைப் பார்த்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது. உன் ராஜா உட்கார எவன் வீட்டை இடித்தாய் என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்பதற்கு எனக்கு யோக்கியதை கிடையாது, அது வேறு விஷயம்.

தோசை கருகிய ஞாயிறுக்கு அடுத்த சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு மலைக்குப் போனேன். பஸ், ஆட்டோ, கொஞ்சம் நடை. இப்போது பாறை வரைக்கும் சிமெண்டுப் பாதை. நுழைவில் டீக்கடை, லெமன் சோடா. பாறை உச்சியில் சிமெண்டில் ஒரு சிம்மாசனம் கட்டி 'அரசன் இருக்கை' என்று எழுதியிருக்கிறார்கள். அதில் உட்கார்ந்து போட்டோ எடுக்க வரிசை. ஒரு குடும்பத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் சிம்மாசனத்துக்குப் பின்னால், கம்பிவேலி அறுந்த இடத்தில் குதித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய அம்மா "வாடா, இங்கோட்டு வாடா" என்று தொண்டை கிழியக் கத்தினாள். அவர்கள் எங்கே கேட்டார்கள்? கடைசியில் அவளே போய்க் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

டீக்கடையில் இருந்த பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். வருகிறவர்களுக்கு அவள்தான் இடத்தைப் பற்றிச் சொல்கிறாள். ஆய் அரசர்கள், கோடைகாலம், பழைய தானம் என்று மனப்பாடமாக ஒப்பித்தாள். எனக்குக் காது கூசியது. பார்கவி என்று ஒருவர் இங்கே இருந்தாரே என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. "என்றெ அம்மூம்மயா! மரிச்சுபோயி ஆன்ட்டி, நாலு கொல்லமாயி." இவள் பார்கவியின் பேத்தி. பார்கவி போய் நாலு வருஷம். கிழவி அந்த மழைக்காலத்தைத் தாண்டவில்லையாம்.

"இந்த இடத்துக்கு முன்னாடி வேற பேரு உண்டு, தெரியுமா?" என்றேன்.

"இல்லல்லோ. இதுதன்னெயல்லே பழைய பேரு?"

அப்பிவிழுந்தான் என்று சொன்னேன். அவள் கேள்விப்பட்டதே இல்லை; அவள் வளர்ந்தது கீழே வித்துராவில், பழைய குடும்பங்களும் எப்போதோ மலையிறங்கிவிட்டனவாம். பார்கவி கரமனையிலிருந்து திரும்பிய பிறகு வீட்டில் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லைபோலிருக்கிறது. எழுதி வாங்கிக்கொண்டு இல்லையென்று சொன்ன உலகத்திடம் இனி எதற்குச் சொல்ல வேண்டும் என்று விட்டிருப்பாள். நான் சொன்னேன். மூங்கில் வெட்டப்போனது, இரண்டு நாள் தேடியது, வயிற்றில் இருந்த பார்கவி, பென்சில், ரப்பர், என் பொய், ஒன்றுவிடாமல் சொன்னேன். தமிழும் மலையாளமுமாகக் குழறிக் குழறிச் சொன்னேன். சோடாவுக்கு வந்தவர்களை அவள் காத்திருக்கச் சொன்னாள். என்மேல் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அம்மூம்மக்கு ஒரு அண்ணன் உண்டாயிருந்நோ!" என்றாள், ஏதோ கிடைத்துவிட்ட மாதிரி. இனி வருகிறவர்களிடம் இதைத்தான் சொல்லப்போகிறேன் என்றாள். அரசன் இருக்கைக்குக் கீழே அவனுடைய பெயரை எழுதி வைக்கப்போகிறேன் என்றாள்.

"அப்பின்னு வீட்டில் செல்லமா விளிச்சதல்லே? அவனுக்கு இட்ட பேரு எந்தா ஆன்ட்டி?"

இட்ட பெயர் ஒன்று இருந்தது, ஊர் அறியாமல் வீட்டோடு இருந்த பெயர். பார்கவி அதைச் சொன்னாள். அம்மைக்குக் கேட்கும்படி உரக்க வாசிக்கச் சொன்னது அந்தப் பெயரைத்தான். என் கையால் எழுதினேன், என் வாயால் வாசித்தேன், மறுநாள் என் கையாலேயே தேய்த்தேன். அந்த மலையில் நின்றுகொண்டு எழுத்து எழுத்தாகத் தேடினேன். 'மா'வில் ஆரம்பிக்குமா, 'ஈ'யிலா. ஒன்றும் வரவில்லை. அதை அறிந்திருந்த மற்ற எல்லோரும் செத்துப்போய்விட்டார்கள்.

பார்கவியின் பேத்தி எழுதிக்கொள்வதற்காகப் போனைத் திறந்து வைத்துக்கொண்டு, நான் சொல்லப்போகிறேன் என்று என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.